அறிவித்தற் பலகையும் மருந்துச் சீட்டும்: ஊவாத் தோட்டப்புற மாணவர் நிலைநின்று ஒரு நோக்கு

பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலில் விமர்சனத்துக்குரியனவாகக் கொள்ளப்படும் எழுத்துகளின் எல்லை மிகக் குறுகியது. கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், இவற்றின் அருகே ஓரிடம் பெற்று நிற்கும் நாட்டார் பாடல் என்பவற்றோடு அவ்வெல்லை முடிந்துவிடுகிறது. ஆயின் ஒரு மாணவன் தனது பல்கலைக்கழக வாழ்வில் நாள்தோறும் வாசிக்கும் எழுத்து வேறு. அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் தாள், சுகாதார நிலையத்து வாயிலில் தொங்கும் பலகை, டெங்கு ஒழிப்புத் துண்டுப்பிரசுரம், மருத்துவச் சான்றிதழ் படிவம், இப்பொழுது கைத்தொலைபேசியில் வந்துசேரும் வாட்ஸ்அப் செய்தி என்பனவே அவனது அன்றாட வாசிப்பு. இவ்வெழுத்துகளுக்கும் ஆசிரியர் உளர், வாசகர் உளர், நடை உண்டு, யாரை நோக்கிப் பேசுவது, யாரை நோக்காது விடுவது என்ற தெரிவும் உண்டு. ஒரு நாவலைப் பார்த்து "இது யாருக்காக எழுதப்பட்டது?" என வினவும் விமர்சகன், காய்ச்சல் கண்ட மாணவனுக்கு எழுதப்பட்ட அறிவித்தலைப் பார்த்தும் அவ்வினாவை எழுப்பலாம். அதற்கு விடைகாண ஊவாவின் தோட்டப்புறத்திலிருந்து, சிறப்பாக ஹாலிஎலைச் சுற்றாடலிலிருந்து, கலைப்பீடங்களுக்கு வரும் மாணவரின் நிலை மிகவும் துணைசெய்யும்.

பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1924இல் பாதை பதுளையை எட்டியபின் ஊவாவின் தேயிலை கொழும்புக்கு இறங்கிய வழி அது. அதே பாதைதான் இன்று மாணவரைப் பேராதனைக்கு இறக்குகிறது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதாயினும் அங்கே கலைப்பீடம் இல்லை. எனவே தமிழில் கலைத்துறை பயில விரும்புவோர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்லவேண்டியவராயுள்ளனர். தெளிவத்தை ஜோசப் 1934இல் பிறந்த ஊவா கட்டவளைத் தோட்டம் ஹாலிஎலையை அண்டியது என்பதை இலக்கிய மாணவர் அறிவர். அவர்களுள்ளும் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1999இல் இருமொழி நிர்வாகத்துக்குரியனவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஹாலிஎலயும் அடங்கும். அதாவது, அங்குள்ள தமிழர் அரச அலுவலகத்தில் தமிழிலே பேசி, தமிழிலே பதில் பெறும் உரிமை ஏட்டளவிலேனும் உறுதிசெய்யப்பட்டுள்ளது. அவ்வுரிமையோடு புறப்படும் மாணவி பேராதனைச் சந்தியில் இறங்கும்போது அதனை உடன்கொண்டு வருகிறாளா என்பது வேறு விடயம்.

பல்கலைக்கழகத்தை நோக்குமுன் தோட்டத்தை நோக்கல் வேண்டும். ஏனெனில் செய்தியும் மருந்தும் மனிதரை வந்தடையும் முறை பற்றிய முதற்பாடத்தை இம்மாணவரின் குடும்பங்கள் கற்றுக்கொண்டது பிரட்டுக்களத்திலேயே. விடியலில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் அவ்விடத்திலேதான் துரையின் கட்டளை செய்தியாக அறிவிக்கப்பட்டது. அங்கேதான் இன்னார் சுகமில்லை, வேலைக்கு வரவில்லை என்பதும் எல்லார் காதிலும் விழச் சொல்லப்பட்டது. தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒருநாட் கூலியையும் குறிக்கும். பேர் விழுந்தால் கூலி உண்டு, அரைப்பேர் என்றால் அரைக்கூலி. நோய் என்பது செக்றோலில் விழாத பேர். டிஸ்பென்சரியிலிருந்து கிடைக்கும் துண்டு நோயாளிக்கு மருந்தைவிட முக்கியமாயிருந்தது. அவர் கள்ளம் பண்ணவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து கொடுக்கும் பொறுப்பை முதலாளிமார்மீது சுமத்தியது உண்மை. ஆயின் அந்த ஏற்பாடு தொழிலாளியின் உடலை உழைப்பின் கணக்கிலேயே வைத்து நோக்கியது. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கியபோது இது இன்னும் தெளிவாயிற்று. புழுவைப் போக்கும் மருந்து கொடுப்பதில் தோட்ட நிர்வாகங்கள் காட்டிய ஆர்வத்தை மலகூடம் கட்டுவதில் காட்டவில்லை. மருந்து மலிவு, மலகூடம் செலவு. மருந்து குடித்தவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார், நோய் திரும்பியது.

செய்தியின் கதையும் இதுவே. தோட்டம் தனியார் நிலம். வெளியார் நுழைவது அத்துமீறல். கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம்பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தமை ஒரு சாகசக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதன் உட்பொருள், செய்தி அங்கே மாறுவேடத்திலேதான் வரமுடிந்தது என்பதாகும். 1924இல் அவர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியதும், 1930இல் 'வீரகேசரி' தோன்றித் தோட்டங்களிலே வாசகரைப் பெற்றதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கம், எழுத்தறிவின்மையின் விளைவு மட்டுமன்று. மேலிருந்து வரும் கட்டளைக்கு எதிரான ஒரு செய்தி ஒழுங்கின் தொடக்கமுமாகும்.

செய்தியும் மருந்தும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து மிகக் கசப்பான அனுபவமாகிய இடம் நிரந்தரக் கருத்தடை. 1980 முதல் அரசு சத்திர சிகிச்சைக்கு 500 ரூபா ஊக்கத்தொகை வழங்கியது. தோட்டத்துறையிலே இதன் வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்திருந்தமையைக் குடித்தொகைச் சுகாதார அளவீடுகள் காட்டின. அப்பெண்கள் முழுமையாக விளங்கிக்கொண்டு சம்மதித்தனரா என்ற வினாவை ஆய்வாளர் பலர் எழுப்பியுள்ளனர். பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவியின் பாட்டியோ பெரியம்மாவோ அத்தலைமுறையைச் சேர்ந்தவராயிருக்கலாம். வெள்ளைச் சட்டை அணிந்தவர் நீட்டும் தாளைப் பற்றி அவ்வீட்டில் நிலவும் ஐயம் அறியாமையால் விளைந்ததன்று.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வரலாம். 1945இல் இலவசக் கல்வியையும் 1951இல் இலவச மருத்துவத்தையும் கண்ட நாடு இது. பல்கலைக்கழகச் சுகாதார நிலையங்களிலும் மாணவர் பணம் கொடுப்பதில்லை. இதனை மறந்து குறைகூறல் நேர்மையாகாது. ஆயின் அந்நிலையங்களைப் பற்றிய எழுத்து மாணவனிடம் எவ்வாறு வருகிறது? முதலாம் ஆண்டிலேயே அவன் மனத்தில் பதியும் வாக்கியம் பெரும்பாலும் இந்த வகையினது: "சுகவீனம் காரணமாகப் பரீட்சைக்குத் தோற்றாதோர் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துள் சமர்ப்பித்தல் வேண்டும்." இவ்வாக்கியத்தை இலக்கண மாணவன் பகுத்துப் பார்க்கட்டும். சுகவீனம் அதில் ஒரு காரணமாக மட்டும் வந்து போகிறது. வாக்கியத்தின் நாயகன் சான்றிதழ். நோயாளி 'தோற்றாதோர்' என்ற எதிர்மறைப் பெயரால் சுட்டப்படுகிறான், பிரட்டில் நிற்காதவனைப் போலவே. செக்றோலின் இடத்தில் வரவுப் பதிவேடும், டிஸ்பென்சரித் துண்டின் இடத்தில் மருத்துவச் சான்றிதழும் நிற்கின்றன. வீடு சென்றிருக்கையில் காய்ச்சல் கண்ட மாணவன் தோட்ட வைத்திய உதவியாளரிடம் துண்டு பெற்றால் அது தோட்டத்துக்குள்ளேயே செல்லும். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் சான்றிதழ் வேண்டுமெனில் காய்ச்சலோடு பஸ்ஸேறிப் பதுளை அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இதனால் 'மெடிக்கல் போடுதல்' என்ற தொடர் மாணவர் வழக்கில் நிலைத்துவிட்டது. உடல்நலம் பற்றி மாணவரிடையே வழங்கும் ஒரே உயிருள்ள வினைச்சொல் விடுப்பைக் குறிப்பதாக அமைந்தமை கவனிக்கத்தக்கது.

தமிழில் அறிவித்தல் இல்லை என்ற முறைப்பாடு பழையது, நியாயமானதும்கூட. 1987இன் பதின்மூன்றாம் திருத்தமும் 1988இன் பதினாறாம் திருத்தமும் தமிழுக்கு அரசியலமைப்பில் இடமளித்தபின்னரும் ஆங்கிலமே முந்திவருகிறது. சிங்களம் அதனைத் தொடர்கிறது. தமிழ் வந்தால் காலம் கடந்து, எழுத்துப் பிழைகளோடு வருகிறது. எனினும் தமிழில் வந்துவிட்டால் போதும் என்று கருதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. எந்தத் தமிழ்? இலங்கையின் சுகாதாரத் தமிழ் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு வழக்கை அடியொற்றி உருவானது. துண்டுப்பிரசுரம் 'நுளம்பு' என்கிறது; லயத்தில் அது கொசு. அங்கே 'வயிற்றோட்டம்', இங்கே பேதி. அங்கே 'சத்தி', இங்கே வாந்தி. அங்கே 'செங்கண்மாரி', இங்கே மஞ்சக்காமாலை. 'தடிமன்' என்று யாழ்ப்பாணத்து நண்பன் சொல்லும்போது ஹாலிஎல மாணவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது மூக்கு ஒழுகுதல் அன்று. பத்திரிகை வாசித்தும் பாடநூல் பயின்றும் இச்சொற்களுட் பலவற்றை அவன் அறிந்தே இருப்பான், அது உண்மை. ஆயின் அறிந்த சொல் வேறு, வலிக்கும்போது வாயில் வரும் சொல் வேறு. 'மேலுக்கு முடியல' என்று சொல்லி வளர்ந்தவன் தன் உடலை விவரிக்கவேண்டிய வேளையில் வேறொரு பிரதேசத்தின் சொற்களை இரவல் வாங்குகிறான். அவற்றைச் சொல்லத் தயங்குகிறான். ஈற்றில் 'ஃபீவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். குளிர் எடுத்ததா, மூட்டு வலித்ததா, எத்தனை நாளாயிற்று என்பனவெல்லாம் அவ்வொரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் பிரித்தறிய வைத்தியருக்கு உதவுவன அம்மறைந்த பகுதிகளே.

உளநலம் பற்றிய சொற்களின் நிலை இதனினும் சிக்கலானது. 'உளவளத்துணை' என்பது ஈழத்தவர் ஆக்கிக்கொண்ட நல்ல கலைச்சொற்களுள் ஒன்று. பொருளும் ஓசையும் பொருந்தியது. அதன் அழகைப் பாராட்டலாம். ஆயின் 'மனசு சரியில்ல' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவன் அக்கதவின் மேலுள்ள பெயரைப் படித்துவிட்டு அது தனக்குரிய கதவு என அறிந்துகொள்வானா? மேலும், நமது பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்படுவோர் விரிவுரையாளர்களே. அவர்களது நல்லெண்ணத்தில் ஐயமில்லை. எனினும் விடைத்தாளைத் திருத்துபவரிடமே மனத்தைத் திறக்கச் சொல்வது, கங்காணியிடமே கங்காணியைப் பற்றி முறையிடச் சொல்வதை ஒத்தது.

மொழியின் இடைவெளியை நிரப்புவதற்கு மாணவர் கண்ட வழி துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது. ஹாலிஎலையில் வளர்ந்தவருக்குச் சிங்களம் அறவே தெரியாது என எண்ணலாகாது. கடைவீதியில் மாவின் விலையும் பஸ்ஸின் நேரமும் பேசித் தீர்க்கும் அளவுக்குப் பலரும் வல்லவர். மாதவிடாய்க் கோளாற்றையோ உறக்கமின்மையையோ சொல்ல அந்தச் சிங்களம் போதாது. ஆகவே நன்கு சிங்களம் பேசும் தோழி உடன்செல்கிறாள்; வைத்தியரின் முன் நோயாளி மௌனமாயிருக்கத் தோழி பேசுகிறாள். அன்று மாலையே விடுதியின் ஒரு தளத்துக்கு விடயம் தெரிந்துவிடுகிறது. தோழி கெட்டவள் என்பதாலன்று. இரகசியம் காக்கும் கடமை தொழிலாக விதிக்கப்படாத ஒருவரிடம் இரகசியம் ஒப்படைக்கப்பட்டது என்பதால். இதனை ஒருமுறை கண்டவள் மறுமுறை சுகாதார நிலையத்துக்குச் செல்வதில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறாள், அல்லது விடுமுறை வரை பொறுத்திருக்கிறாள்.

இங்கே நமது செய்தி ஒழுங்கின் முழு முரண்பாடும் வெளிப்படுகிறது. பரவக்கூடாத செய்தி பரவுகிறது. பரவவேண்டிய செய்தி பரவுவதில்லை. விடுதி நீர்த்தாங்கி பற்றிய ஐயம், ஒரு தளத்தில் எத்தனை பேருக்கு மஞ்சக்காமாலை, சிற்றுண்டிச்சாலையில் உண்டவருக்கு என்ன நேர்ந்தது என்பன பொதுச் செய்திகள், எல்லாரும் அறியவேண்டியவை. அவை 'பீதி ஏற்படும்' என்ற காரணத்தால் அலுவலக மேசையைத் தாண்டுவதில்லை. தனியொருத்தியின் உடற்பிரச்சினை எவரும் அறியத் தேவையற்றது. அது இரவோடிரவாகப் பரவிவிடுகிறது. பிரட்டுக்களத்திலும் இதுவே நடந்தது. யாருக்குச் சுகமில்லை என்பது ஊரறிந்தது. பீலித் தண்ணீர் சுத்தமானதா என்பது எவருக்கும் சொல்லப்படவில்லை.

இந்நிலையில் மாணவன் செய்தியை எங்கே தேடுகிறான்? முதலாவது மூலம் சிரேஷ்ட மாணவர். இரண்டாவது தொலைபேசிக் குழுக்கள். பல்கலைக்கழகத்தின் இணையத்தளம் மிகப் பின்னாலே வருகிறது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இவ்வரிசை மேலும் இறுகியது. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான 'லேர்ன்' வழியாக விரிவுரைகளுக்கு இலவச இணைய அணுக்கம் வழங்கப்பட்டமை பாராட்டுக்குரியது. ஆயின் இலவச அணுக்கம் சமிக்ஞையைத் தராது. மலைமடிப்பில் அமைந்த லயத்திலிருந்து சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏறவேண்டியிருந்தது. அவ்வாறு ஏறிக் கிடைத்த சில நிமிடங்களில் விரிவுரைக் குறிப்பை இறக்குவதா, சுகாதார அறிவுறுத்தலைத் தேடுவதா என்ற தெரிவில் விரிவுரைக் குறிப்பே வெல்லும். சுகாதாரம் குழுவில் வந்த வதந்தியின் வசமாயிற்று. 2022 மார்ச்சிலும் இதே போக்கைக் காணலாம். பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திய செய்தி சமூக ஊடகங்களில் பரவி, இந்திய வெளிவிவகார அமைச்சர் அதுபற்றிக் கவலை தெரிவித்து உதவ முன்வரும் அளவுக்குச் சென்றது. அவ்வைத்தியசாலை பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ளது. மாணவர் நோயுற்றால் அனுப்பப்படுவதும் அங்கேயே. அயலிலுள்ள செய்தி உலகைச் சுற்றி அவர்களிடம் வந்தது.

பிறநாட்டு உதாரணங்கள் சிலவேளை நம்மைச் சிறுமைப்படுத்தவே எடுத்தாளப்படுகின்றன. ஆயினும் ஒன்று பயனுடையது. அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில் 1893 முதல் 'டெய்லி டார் ஹீல்' என்ற மாணவர் பத்திரிகை வெளிவருகிறது. பல்கலைக்கழகத்தின் பணத்தில் அது தங்கியிருக்கவில்லை. 2020 ஓகஸ்டில் வகுப்புகள் தொடங்கிய ஒரு வாரத்துள் விடுதிகளில் கொவிட் கொத்தணிகள் தோன்றியபோது அப்பத்திரிகை அவற்றை வெளியிட்டு, நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடி ஆசிரியத் தலையங்கமும் எழுதியது. ஓகஸ்ட் 17இல் பல்கலைக்கழகம் இளங்கலை வகுப்புகளை இணையவழிக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பத்திரிகையால்தான் மாற்றம் வந்தது எனக் கூறுவது மிகை. எந்த விடுதியில் நோய் என்பதை எழுதுவது மாணவர் எழுத்தின் கடமை என்றும், எந்த மாணவருக்கு நோய் என்பதை எழுதாது விடுவதும் அதே கடமையின் பகுதி என்றும் அங்கே உணரப்பட்டிருந்தது. இந்தப் பிரிவினைதான் நம்மிடம் இல்லாதது.

நமது மாணவர் சங்கங்களிடம் எழுத்து இல்லாமலில்லை. ஆண்டு மலர் உண்டு, கவியரங்கு உண்டு, சுவர்ப் பத்திரிகையும் அவ்வப்போது தோன்றி மறைகிறது. ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வெளிவந்தது. அதனைப் பற்றி மாணவர் எழுதாத ஆண்டு குறைவு. தொழிலாளியின் உழைப்புச் சுரண்டலைப் பக்கம் பக்கமாக விளக்கும் அக்கட்டுரைகள் பயனற்றவையல்ல. ஆயின் அத்தொழிலாளியின் மகள் அதே சங்கத்தின் கூட்டத்தில் பின்வரிசையிலே காய்ச்சலோடு உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் யதார்த்தவாதம் பற்றிய விவாதம் நடைபெறுவது சற்று விநோதமான காட்சியே. தோட்டத்தை இலக்கியத்திற் காணும் கண் அதனை விடுதியிற் காண மறுக்கிறது.

செய்யக்கூடியது பெரிதொன்றுமன்று. பேராதனையில் மருத்துவபீடமும் உண்டு, கலைபீடமும் உண்டு; இரண்டிலும் தமிழ் மாணவர் உளர்; இரண்டுக்குமிடையே தடையேதும் இல்லை. ஹாலிஎலையிலிருந்து வந்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்தவர் ஒருவர், மட்டக்களப்பார் ஒருவர், புத்தளத்தார் ஒருவர் கூடி நோய்க்குறிகளுக்குத் தத்தம் வீட்டில் வழங்கும் சொற்களை எழுதட்டும். எதிரே சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும். மருத்துவபீட மாணவர் ஒருவர் அதனைச் சரிபார்க்கட்டும். நான்கு பக்கங்களுக்கு மேற்போகாது. துணைக்கு ஆளின்றி வைத்தியர்முன் அமர்ந்து, விரலால் சுட்டிக் காட்டவும் அது உதவும். அதன் கீழே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும், அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தையும் அச்சிடலாம். வழக்கமாக மலரின் உள்ளட்டை நகைக்கடை விளம்பரத்துக்குப் போகிறது. அடுத்த மலரில் அந்த இடத்தை இதற்கு ஒதுக்கிவிட்டு, நகைக்கடைக்காரரைப் பின்னட்டைக்கு மாற்றுவது பற்றிச் சங்கத்தின் பொருளாளர் அவரோடு பேசிப் பார்க்கலாம்.